ஒரே கொப்பின் இரண்டு போத்துகள்

ஒரு குச்சிக்கு எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று யார் சொல்லிக் கொடுத்தது? மரத்திலிருந்து பிரிந்தபின் அது வெறும் குச்சி. படுக்கப் போட்டால் படுத்துக் கிடக்கும். சாத்தி வைத்தால் சாய்ந்து நிற்கும். ஆனால் மண்ணுக்குள் ஒரு சாண் இறங்கியதும் அதன் ஒரு முனை இருட்டைத் தேடத் தொடங்குகிறது, மறுமுனை வெளிச்சத்தை. இரண்டு முனைக்கும் ஒரே தோல், ஒரே ஈரம். பிறகு எந்த இடத்தில் அது முடிவெடுக்கிறது? இலையா வேரா என்று யாரிடம் கேட்டுக்கொள்கிறது?

கார்த்திகை மழையில் எங்கள் வாசலில் முறிந்து தொங்கிய பூவரசங்கொப்பு இந்தக் கேள்வியை என் மடியில் போட்டுவிட்டது. அப்புறம் பங்குனி வெயில் வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் வேறு நினைப்பில்லை.

அந்த வாரம் புயல் பாம்பனுக்கு வரும், தொண்டிக்கு வரும் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வள்ளங்களையெல்லாம் மேட்டுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். கடைசியில் புயல் எங்களைப் பார்க்காமல் வேறெங்கோ திரும்பிவிட்டது. அதன் வால் மட்டும் ஊரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. அந்தத் தட்டில் வாசல் பூவரசின் பெரிய கொப்பு முறிந்து, பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. சன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த வாப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத வெட்டி எடுங்க. விழவும் மாட்டேங்குது, நிக்கவும் மாட்டேங்குது. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

யாரும் வெட்டவில்லை. மழை விடட்டும் என்றிருந்தோம். மழை விட்ட காலையில் வாப்பா மவுத்தாகிவிட்டார்.

வாப்பாவைப் பற்றி நிறையச் சொல்லலாம். கடற்கரைப் பக்கம் கயிறும் வலையும் மிதப்பும் விற்கிற கடை வைத்திருந்தார். நைலான் கயிற்றை முழம் போடும்போது கடைசி முழத்தைக் கொஞ்சம் நீட்டியே விடுவார். ஆனால் இந்தக் கதைக்கு ஒன்று தெரிந்தால் போதும். அவருக்கு உள்ளங்காலில் அப்படியொரு கூச்சம். கொசு உட்கார்ந்தால்கூடக் கட்டிலை விட்டுக் குதிப்பார். கடைசி முறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, கூப்பிட்டாலும் பதில் இல்லாமல் இரண்டு நாளாகக் கண்மூடிக் கிடந்தார். டாக்டர் வந்து நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்கச் சாவி நுனியால் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான். வாப்பா எழுந்து உட்கார்ந்து, கெக்கெக்கே என்று சிரித்து, டாக்டரின் கையை உதைத்துத் தள்ளிவிட்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று கையை உதறிக்கொண்டே போனார் டாக்டர். உம்மா அந்தச் சிரிப்பைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார். கல்யாணமான புதிதில் கால் அமுக்கிவிடப் போய்த் தானும் அப்படி ஓர் உதை வாங்கியிருப்பதாக.

எங்கள் ஊரில் அடக்கம் முடிந்து மண் மூடியதும் கபுரின் மேல் ஒரு பச்சைக் கொப்பை நடுவார்கள். சிலர் மருதாணி, சிலர் நொச்சி, சிலர் கைக்குக் கிடைத்தது. அது பச்சையாக இருக்கிற வரைக்கும் அல்லாஹ்வைத் துதித்து தஸ்பீஹ் செய்துகொண்டிருக்கும், உள்ளே படுத்திருப்பவருக்கு லேசாக இருக்கும் என்பது நம்பிக்கை. விடுமுறையில் சவூதியிலிருந்து வந்திருந்த தம்பி, ஜனாஸாவைத் தூக்குவதற்குச் சற்று முன்னால் அரிவாளோடு வாசலுக்கு வந்தான். மரமேற வேண்டிய வேலையில்லை. தொங்கிக்கொண்டிருந்த கொப்பை அறுத்துக் கீழே போட்டு, ஒரே வெட்டில் இரண்டாக்கினான். நேரான பாதியை எடுத்துக்கொண்டு போனான். கோணல் பாதி வாசலில் கிடந்தது.

ஆண்கள் எல்லோரும் கலிமா சொல்லிக்கொண்டே தெருமுனை திரும்பினார்கள். பெண்கள் நின்றுவிட்டோம். எங்கள் ஊரில் பெண்கள் கபுர்கள் இருக்கும் மையவாடிக்குள் போவதில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோணல் பாதியைப் பார்த்தபடி நின்றேன். வெட்டுவாயில் மஞ்சள் பிசுபிசுப்பு. மழைத்துளி ஒன்று அதன் தோலில் உருண்டு, கணுவில் தங்கி, யோசித்து, விழுந்தது.

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு, காலியாகக் கிடந்த பெயிண்ட் வாளியில் மண்ணை நிரப்பி அந்தப் பாதியை ஊன்றினேன். முற்றத்தில், மழை விழும் இடத்தில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் அழுகையில் செய்தது என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அங்கே நடப்பதை என்னால் போய்ப் பார்க்க முடியாது. ஒரே மரம், ஒரே கொப்பு, ஒரே அரிவாள், ஒரே மழை. அப்படியானால் இங்கே நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். சுவருக்கு அப்பால் பார்க்க எனக்கு ஒரு கண் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

உம்மா அன்றிலிருந்து இத்தாவில் உட்கார்ந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வாசல்படி தாண்டாத இருப்பு. நான் மதுரையில் இருக்கிறவள். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். அந்த மாதங்கள் முழுக்க அவரோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். மறுநாள் காலை அறைக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"என்ன புள்ள அது, வாளியில குச்சிய நட்டு வச்சிருக்க?"

"அங்கன நட்டதுல மிச்சம், உம்மா."

உம்மா அறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"அப்ப அதோட கூடப்பொறந்ததா?"

"ஆமா. ஒரே கொப்பு. இது துளுத்தா அதுவும் துளுத்த மாதிரி."

"அப்படியா சொல்ற? அப்ப அந்த வாளிய இங்கிட்டு நகட்டி வையி. எங்கண்ணுக்குத் தெரியற மாதிரி."

நகர்த்தி வைத்தேன். உம்மா தொழுத பாயில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்கிற தூரம். தம்பி முற்றத்துத் தூணில் சாய்ந்து நின்றான். உம்மா அவனிடம் கேட்டார்.

"அங்கன எந்தப் பக்கம் நட்ட தம்பி? தலைமாட்டுலயா?"

"தலைமாட்டுல பலக ஊனிட்டாகம்மா. நான் கால்மாட்டுல நட்டேன். சுவத்து மூலைக்கும் வேப்பமரத்துக்கும் நடுவுல. மாறிப்போவாது."

"ஆழமா ஊனுனியா?"

"முழங்கையளவு போச்சும்மா. புது மண்ணுதானே, பொதபொதன்னு இறங்குச்சு."

அதைச் சொன்னதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த வாரமே அவனுக்கு விடுப்பு முடிந்தது. போன பிறகு தினமும் போன் செய்தான். சலாம் சொன்னதும் அடுத்த கேள்வி, "துளுத்துச்சா?" வாளியைக் கேட்கிறானா கபுரைக் கேட்கிறானா என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் பிரித்துப் பார்க்கவில்லை.

அங்கே போய்வரக்கூடிய ஒரே ஆள் மாமா. உம்மாவின் தம்பி; அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார். வாப்பாவின் கடையை இப்போது அவர்தான் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மையவாடிக்குப் போய் ஓதிவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். பேச்சில் கஞ்சர். சோற்றில் அப்படியில்லை.

"மாமா, அந்தப் போத்து எப்படி இருக்கு?"

"எந்தப் போத்து?"

"கபுர்ல தம்பி நட்டது."

"இருக்கு."

"இருக்குன்னா? பச்சையா இருக்கா, காஞ்சிருக்கா?"

"அங்கன எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. மழ பேஞ்சிருக்குல்ல."

உள்ளேயிருந்து உம்மா கத்தினார். "ஏலே, நான் என்ன ஊரு நெலவரமா கேட்டேன்? எங்க வீட்டு ஆளுக்கு நட்ட ஒத்தக் குச்சியப் பத்திக் கேக்குறேன்!"

"நான் ஓதப் போனேனா, வெவசாயம் பாக்கப் போனேனா லாத்தா? மீனு இன்னொரு துண்டு இருந்தா வைக்கச் சொல்லு."

அடுத்த வெள்ளிக்கிழமை என் போனை அவர் கையில் கொடுத்தேன். எதை அழுத்த வேண்டும் என்று காட்டி, ஒரு படம் எடுத்து வந்தால் போதும் என்று கெஞ்சினேன். எடுத்து வந்தார். உம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தார். பிறகு கையை நீட்டித் தூரத்தில் பிடித்தார்.

"பொடிப்பொடி இலையா இருக்கு. இது மருதாணில்ல?"

நான் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மருதாணிதான். பின்னால் நின்ற மரப்பலகையில் எழுதியிருந்தது ஒரு பெண் பெயர்.

"ஏலே! எம் மாப்பிள்ளைக்கு ஓத வேண்டியத இத்தன வாரமா எவளோ ஒரு பொம்பளைக்கு ஓதிட்டு வந்துருக்கியா?"

"அல்லா! ஓதுனதெல்லாம் சரியான எடத்துலதான் லாத்தா. போட்டா எடுக்கத் திரும்புனப்ப வெயிலு கண்ணுல அடிச்சிருச்சு. இவ போன்ல எங்கிட்டு அமுக்குனாலும் என் மொகந்தான் தெரியுது."

உண்மைதான். முன்னும் பின்னுமாக மாமாவின் மூக்குத் துவாரம் ஏழெட்டுப் படம் இருந்தது. மறுபடி எடுக்கச் சொன்னபோது கையெடுத்துக் கும்பிடாத குறை. மையவாடிக்குள் போனை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஜமாஅத்து ஆட்கள் கேட்டார்களாம். "எனக்கு வெக்கமாப் போச்சு. இனி எடுக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டார். அந்த வழி அடைந்தது.

ஆக, எங்களுக்கு வாளிதான். அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட வேலை தெரியுமா? முதலில் எதுவுமே நடக்காது. அந்த எதுவுமே நடக்காததை உற்றுப் பார்க்கப் பார்க்க, அதற்குள் என்னென்னவோ நடப்பது போலிருக்கும். தோலில் நேற்று இல்லாத ஒரு சுருக்கம். கணுவில் ஒரு வீக்கம். அது நேற்றும் இருந்ததா? எறும்பு ஒன்று அடியிலிருந்து நுனிவரை ஏறிப்போய், நுனியில் வானத்தைப் பார்த்துத் திகைத்து, வந்த வழியே இறங்கும். நானும் அப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

மார்கழிப் பனியில் ஒரு காலை, கணுவின் ஓரத்தில் பச்சைப் பொட்டு. நான் பார்ப்பதற்கு முன்னால் உம்மா பார்த்துவிட்டார்.

"புள்ள! ஓடியா! அல்ஹம்துலில்லாஹ்! அங்கனயும் விட்டிருக்கும் பாரு!"

அன்று வீட்டில் வட்டிலப்பம் செய்தோம். தம்பிக்கு வீடியோவில் காட்டினோம். அவன் சவூதியில் லாரிக்குள் உட்கார்ந்துகொண்டு, "இன்னுங் கிட்டத்துல காட்டு, இன்னுங் கிட்டத்துல" என்றான். பொட்டு இலையானது. நகக்கண் அளவு, ஆனால் அதற்குள்ளேயே பூவரசின் முழு வடிவம். பெரிய இலையை யாரோ சின்னதாக மடித்து உள்ளே வைத்திருந்தது போல. இராமநாதபுரத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாமி வந்து உட்கார்ந்தார்.

"துளுரப் பாத்து ஏமாந்துறாதீக" என்றார் மாமி, வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே. "கொப்புக்குள்ள இருக்குற ஈரத்துலயே நாலு எல விட்டுரும். எங்கூட்டு முருங்க அப்படித்தான் ஏமாத்துச்சு. கீழ வேரு புடிச்சாத்தான் நெசம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் நிம்மதியும் அவரோடு படியிறங்கிப் போனது.

எத்தனை பெரிய விஷயம் அது! ஒரு செடி வேரில்லாமலே இலை விடுமா? அப்படியானால் அந்த இலை எதை நம்பி வெளியே வந்தது? கீழே ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலே சிரித்துக்கொண்டிருக்கிறதா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லுஹர் தொழுகைக்குப் பிறகு உம்மா கண்ணயர்ந்த நேரம், வாளியின் முன்னால் குந்தினேன். விரலால் மண்ணை விலக்கி, குச்சியை மெதுவாக, மிக மெதுவாக, மேலே தூக்கினேன். வெட்டுவாயைச் சுற்றி வெள்ளையாக, குருணை அரிசி ஒட்டியது போல, சின்னச் சின்னப் புடைப்புகள். வேர்! வேராகப் போகிற ஏதோ ஒன்று! குச்சியின் இந்த முனை இருட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டது. திரும்ப இறக்கி மண்ணை அமுக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

புடைப்பு வேராகி நீள்கிறதா என்று தெரிய வேண்டாமா? சில நாள் கழித்து மறுபடி தூக்கினேன். பிறகு மறுபடி. ஒவ்வொரு முறையும் நான் அமுக்கி வைத்ததைவிட மண் லேசாக, பொலபொலவென்று கிடந்தது. பூனை பறித்திருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் முறையோ நாலாம் முறையோ பார்த்தபோது அந்தக் குருணைகளில் பாதி காணாமல் போயிருந்தது.

ஒரு காலை பஜ்ரு நேரத்துக்குப் பின் முற்றத்துக்கு வந்தேன். உம்மா வெள்ளைத் துப்பட்டியோடு, வாளியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, குச்சியைப் பாதி வெளியே இழுத்த நிலையில் இருந்தார். என்னைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

"என்ன உம்மா பண்றீங்க?"

"கோணலா நின்னுச்சு. நிமுத்தி வச்சேன்."

"அது கோணக் கொப்புதானே உம்மா."

உம்மா குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப நீ?"

"நான் மத்தியானத்துல."

"யா அல்லா" என்றார் உம்மா.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வந்ததும் இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தோம். கேட்டுக்கொண்டே வந்தவளின் முகம் சின்னதாகிப் போனது. "நான் வாரப்ப எல்லாம் ஒரு தடவ பாத்துட்டுத்தான் போவேன். ஆனா நான் மெதுவாத்தான் தூக்குவேன்" என்றாள்.

நாங்கள் எல்லோருமே மெதுவாகத்தான் தூக்கியிருந்தோம்.

இலைகள் முதலில் ஓரம் சுருண்டன. பிறகு ஈரத்துணி போலத் தொங்கின. ஒரு வாரத்தில் குச்சி குச்சியாகவே ஆகிவிட்டது. நகத்தால் தோலைக் கீறினேன். உள்ளே பச்சையில்லை, பழுப்பு.

அதிலிருந்து உம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை மாமா வந்தால் மீனை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். தம்பி போனில் கேட்டால், "நல்லா இருக்கோம்" என்று மட்டும் சொல்லுவார். தொழுகைப் பாயின் இடத்தையே கொஞ்சம் மாற்றிப் போட்டு உட்கார்ந்தார், வாளி கண்ணில் படாதபடி. நான் வாளியை எடுத்து மறைவில் வைக்கப் போனபோதுதான் சொன்னார்.

"ரெண்டும் ஒரே கொப்புன்னு நீதான புள்ள சொன்ன. இது துளுத்தா அது துளுத்த மாதிரின்னு."

"உம்மா, இத நம்ம தோண்டித் தோண்டிப் பாத்தோம். அங்கன யாரும் தோண்டல."

"அங்கன ஆடு வருது. வெயிலு வருது. மழ நின்னு எம்புட்டு நாளாச்சு. தண்ணி ஊத்த யாரு இருக்கா?" துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "அவுக அங்கன ஒத்தையில கெடக்காக. அந்தக் குச்சியாவது கூட இருக்கும்னு நெனச்சேன்."

பார்ப்பதற்காக நான் செய்து வைத்த கண் அது. அது குருடானதும், அவருக்கு அங்கேயும் இருட்டாகிவிட்டது. நான் எவ்வளவு சொன்னாலும் அந்தச் சொல் அவர் மனதில் நிற்கவில்லை. பார்த்தால்தான் நிற்கும்.

ஒரு நாள் சாயங்காலம் மையவாடிச் சுவரைச் சுற்றி நடந்தேன். தெருப்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் சுவர். கடல்பக்கம் சுவரோடு சுவராகச் சீமைக்கருவேலம். ஓரிடத்தில் கல் பெயர்ந்து ஓர் ஓட்டை. முள்ளை விலக்கிக் கண்ணை வைத்தேன். ஒரு கொக்கு தெரிந்தது. உடைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்று தெரிந்தது. கொக்கு என்னைப் பார்த்துவிட்டு, இவளுக்கு இங்கே என்ன வேலை என்பது போலக் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. சுவத்து மூலையும் வேப்பமரமும் அந்த ஓட்டைக்குள் அகப்படவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மையவாடியை ஒட்டி ஒரு மூன்று மாடி வீடு. அதன் மேல்மாடிச் சன்னலிலிருந்து எல்லாம் தெரியும். ஆனால் வீட்டுக்காரர்கள் மலேசியாவில். வாசலில் பூட்டு, பூட்டின் மேல் துரு. உப்புக்காற்றில் முந்தானை படபடக்க அந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். சன்னல்மேல் இப்படி ஒரு பொறாமை வருமென்று எனக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை மாமா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கதவு மூலையில் எதையோ துழாவினார். வாப்பா கடையிலிருந்து எப்போதோ கொண்டுவந்து போட்ட நீல வலைத்துண்டு.

"எதுக்கு மாமா?"

"தேவப்படுது" என்று மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். கடைக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பங்குனி வந்தது. தெருவில் தார் இளகியது. உம்மாவின் இத்தா முடிந்தது. குளித்து, ஓதி, வேறு சேலை உடுத்தி வந்து நின்றார். முதல் முதலாக வெளியே போவதென்றால் பெரியவர்கள் வீட்டுக்குப் போய் சலாம் சொல்வது வழக்கம். தங்கச்சி ஆட்டோவுக்குச் சொல்லப் போனாள்.

"ஆட்டோ எதுக்கு? மையவாடிக்கிட்ட இருக்குற மாடி வீட்டுக்கு நடந்தே போயிருவோம்."

நான் திடுக்கிட்டேன். அந்தச் சன்னலைப் பற்றி உம்மாவிடம் நான் சொன்னதேயில்லை.

"அது பூட்டிக் கெடக்குதே உம்மா."

"கல்யாணத்துக்கு வந்துருக்காக. அவ என் சோட்டுக்காரி, கூடவே வளந்தவ. நேத்துத்தான் போன்ல பேசுனேன்." செருப்பைக் காலால் தேடிக்கொண்டே சொன்னார். "உனக்கு மட்டுந்தான் பாக்கணும்னு இருக்கும்னு நெனச்சியா?"

துணைக்கு மாமா வந்தார். வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டுக்காரம்மா உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுது, உட்காரச் சொல்லி, டீ போடப் போனார்.

"டீ பொறவு. மொதல்ல ஒன் மேல்மாடிய எனக்குக் காட்டு."

"மேலயா? அங்கன என்ன இருக்கு? பின்பக்கத்துச் சன்னலு மையவாடியப் பாத்து இருக்குன்னு நாங்க அதத் தொறக்குறதே இல்ல."

"அதத்தான் தொறக்கச் சொல்றேன்."

உம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்று மாடி. நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்.

"நீ பாத்துட்டு வந்து சொல்லுவ. நான் பாத்த மாதிரி ஆவுமா?"

ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். சன்னல் தாழ்ப்பாள் இறுகிப் போயிருந்தது. நானும் தங்கச்சியும் சேர்ந்து இழுத்தோம். திறந்ததும் வெயிலும் உப்பும் முகத்தில் அடித்தன. கீழே மண்மேடுகள். சாய்ந்தும் சாயாமலும் மரப்பலகைகள். வெயிலில் தீய்ந்துபோன மருதாணிகள். எல்லாவற்றுக்கும் அப்பால் கோடு போலக் கடல். உம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய முதலில் எல்லோருக்குமாக சலாம் சொன்னார். பிறகு விரலை நீட்டி வழி தேடினார். "அது சுவத்து மூல. அது வேப்பமரம். நடுவுல… நடுவுல…"

நடுவில் நீலமாக ஒன்று தெரிந்தது. மூன்று கம்பு நட்டு, சுற்றிலும் கட்டிய வலை. எங்கள் வீட்டுக் கதவு மூலையில் கிடந்த வலை. அதற்குள், வலையின் மேல்விளிம்பைத் தாண்டி, பூவரசு. உள்ளங்கை அகலத்துக்கு இலைகள். காற்று வரும்போது எல்லாம் ஒன்றாகத் திரும்பி, வெளிர்ந்த அடிப்பக்கத்தைக் காட்டி, மறுபடி பச்சையாயின. அடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. அந்தக் காய்ந்த வெளியில் அந்த ஒரு வட்டம் மட்டும்.

 உம்மா சன்னலிலிருந்து திரும்பாமலே கேட்டார்.

"ஏலே, வல கட்டுனது நீயா?"

மாமா கடைசிப் படியிலேயே நின்றிருந்தார். "ஆடு மேயுதுல்ல."

"தண்ணி?"

"கடைக்குப் போற வழிதான."

"இத ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? நான் அம்புட்டு நாளும் செத்து செத்துப் பொழச்சேனே."

"சொன்னா?" என்றார் மாமா. இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "எல விட்டுருக்குன்னு சொன்னா, வேரு வந்துருக்கான்னு தோண்டிப் பாத்துட்டு வாடான்னு அனுப்புவீக. வாளியில நீங்க மூணு பேரும் பண்ணுன கூத்து எனக்குத் தெரியாதாக்கும்? நெலச்சு நிக்கட்டும், பொறவு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். நானும்தான். ஆனால் என் கண் மட்டும் கீழேதான் இருந்தது. இலையைப் பார்த்தாகிவிட்டது. இலைக்குக் கீழே? வாளியில் நாங்கள் பார்த்த அந்தக் குருணைகள் இங்கே என்ன ஆகியிருக்கும்? நூலாகியிருக்குமா, விரலாகியிருக்குமா? அந்தப் பொதபொத மண்ணில் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கும்? இதை யாரும் தூக்கிப் பார்க்க முடியாது. என் வாழ்நாளில் எனக்குத் தெரியப்போவதில்லை.

உம்மாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் போலும்.

"வேரு எம்புட்டு ஆழம் போயிருக்கும் புள்ள?"

"தெரியல உம்மா. நல்லா போயிருக்கும். இம்புட்டு எல நிக்குதே."

"அவன் கால்மாட்டுலதான நட்டதாச் சொன்னான்?"

"ஆமா."

உம்மா கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். முகத்தைத் திருப்பினார்.

"அவுகளுக்குக் கூசுமே!"

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. தங்கச்சி என் தோளில் விழுந்து சிரித்தாள். மாமா படியில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். டீத் தட்டோடு ஏறி வந்த வீட்டுக்காரம்மா, மையவாடிச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கும் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றார்.

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு டம்ளரை எடுத்தார். இன்னொரு கை சன்னல் கம்பியை விடவில்லை. கீழே இலைகள் ஒரு தரம் சிலிர்த்துத் திரும்பின.

"பாரு பாரு" என்றார் உம்மா. "ஒதைக்கிறாக."